உப்பு விளையும் ஊரில் ஓர் உப்புச் சோதனை

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: "ரோட்டோரமா வெள்ளை வெளேர்னு குவிச்சு வெச்சிருக்கே, அவ்வளவும் உப்பா?"

அவ்வளவும் உப்புதான். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணாடி பதித்த மாதிரி பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரை மேல் வெள்ளை அம்பாரங்கள், அவற்றின் மேல் மழைக்குப் பயந்து போட்ட கீற்றும் தார்ப்பாயும். பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடமும் எங்கள் பக்கம்தான். சங்க காலத்து எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கழுவெளிக்கு எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வருகின்றன. 2021-ல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இத்தனை பெருமை இருந்தும் வருகிறவர்கள் கேட்பது உப்பைப் பற்றித்தான். கேட்டுவிட்டு ஒரு பை வாங்கிக்கொண்டும் போவார்கள்.

நானும் முப்பது வருஷமாக அந்த உப்பைத்தான் வாங்கினேன். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் என் மாமியார் எனக்குக் காட்டிக் கொடுத்த முதல் பொருளே உப்பு ஜாடிதான். "கடை உப்பு வாங்காதே. பாத்தியிலேர்ந்து நேரா வர்ற உப்புக்கு ருசியே தனி" என்பார். அளத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா பத்து நாளுக்கு ஒரு தடவை கூடையில் கொண்டு வந்து அளந்து போட்டுவிட்டுப் போவாள். விளக்கு வைத்த பிறகு மட்டும் தர மாட்டாள். உப்பு லட்சுமி, பொழுது சாய்ந்து வீட்டை விட்டுப் போகக் கூடாது. இப்படி எங்கள் வீட்டுக் குழம்புக்கு உப்பு எங்கிருந்து வருகிறது, யார் கை வாரியது என்பது வரை எனக்குத் தெரியும் என்று பெருமையாகவே இருந்தேன். அந்தப் பெருமையில் மண் விழுந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் எங்கள் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம்.

பெயர் எதற்கு? இந்தக் கடற்கரையில் இருக்கும் ஒரு சின்னப் பெண்கள் சேவைச் சங்கம். இருபது அங்கத்தினர்கள். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கூடுவோம். தலைவி மேஜை மேலிருக்கும் பித்தளை மணியைத் தட்டுவார். காரியதரிசி போன கூட்டத்து மினிட்ஸைப் படிப்பார். பொக்கிஷதாரர் கணக்குச் சொல்வார். பிறகு யாராவது ஒருவரை அழைத்துப் பேசச் சொல்வோம். கடைசியில் நன்றியுரை, டிபன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, முதல் இரண்டு வருஷம் நான் போனதே டிபனுக்கும் அரட்டைக்கும்தான்.

இந்த மாதிரிச் சங்கங்களின் பூர்வீகத்தைக் கேட்டால் உங்களுக்கும் சிரிப்பு வரும். 1905-ல் அமெரிக்காவின் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு தொடங்கியது ரோட்டரி. ஒவ்வொரு வாரம் ஒவ்வொருவர் ஆபீஸில் சுற்றிச் சுற்றிக் கூடியதால் அந்தப் பெயர். 1915-ல் டெட்ராய்ட் நகரத்தில் கிவானிஸ், 1917-ல் லயன்ஸ். ஆரம்பத்தில் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்து உதவிக்கொள்வதுதான் முக்கிய நோக்கமாக இருந்தது. ஊருக்கு உழைப்பது என்பது போகப் போகத்தான் வந்தது. அப்புறம் பெரிய காரியங்களும் செய்தார்கள், மறுக்க முடியாது. 1925-ல் ஹெலன் கெல்லர் அம்மையார் லயன்ஸ் மாநாட்டில் போய், பார்வையற்றவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து கண் சிகிச்சை அவர்களுடைய சொந்த வேலை மாதிரி ஆகிவிட்டது. போலியோ சொட்டு மருந்துக்கு ரோட்டரிக்காரர்கள் 1985-லிருந்து உலகமெங்கும் பணம் திரட்டினார்கள். நம் நாட்டில் கடைசியாக ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது 2011 ஜனவரியில்.

ஆனால் பெண்களுக்கு மட்டும் இந்தச் சங்கங்களில் நெடுங்காலம் இடமில்லை! விழா என்றால் குத்துவிளக்கு ஏற்ற, கோலம் போட, டிபன் ஏற்பாடு செய்ய நாம் வேண்டும். ஓட்டுப் போட வேண்டாம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ரோட்டரிக்காரர்களின் வீட்டுப் பெண்கள் 1923-ல் பொறுத்தது போதும் என்று தனியாகக் கூடினார்கள். காசில்லாமல் கிடைத்த இடம் ஒரு துருக்கிக் குளியல் நிலையம்! மார்கரெட் கோல்டிங் என்ற நர்ஸ் அம்மாள் தலைமையில் 1924 ஜனவரியில் அவர்கள் ஆரம்பித்ததுதான் இன்னர் வீல். லயன்ஸும் கிவானிஸும் பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1987 ஆயிற்று. ரோட்டரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போய், 1989-ல்தான் எல்லா நாட்டுக்கும் விதி மாறியது. எங்கள் தலைவி இதைச் சொல்லும்போதெல்லாம் மணியை ஒரு தட்டு அதிகமாகவே தட்டுவார்.

சரி, நாங்கள் என்ன கிழித்தோம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

முதல் வருஷத்துத் திட்டம் செருப்பு. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? பித்த வெடிப்பு என்று நாம் சொல்கிறோமே, அது இல்லை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று தோல் கெட்டியாகி, பாளம் பாளமாக வெடித்திருக்கும். அதில் மறுபடி உப்பு. பார்த்தவுடன் மனசு கலங்கி, அறுபது ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினோம். விழா, மாலை, போட்டோ எல்லாம் ஆயிற்று. ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். செருப்புகள் எல்லாம் வரப்பு மேல் அழகாக வரிசையாக இருந்தன. ஜனங்கள் பாத்திக்குள் வெறுங்காலோடு.

"ஏன் அக்கா போடலை?" என்றேன்.

"பாத்தியில செருப்போட எறங்குனா தரை பேந்துடும்மா. மிதிச்சு மிதிச்சுக் கெட்டி பண்ண தரை. சேறு கலந்தா உப்பு கறுத்துடும். அப்புறம் யாரு கூலி குடுப்பா?"

செருப்பு கோயிலுக்குப் போக உபயோகப்பட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது, வைத்திய முகாம். ஏப்ரல் மாதம், காலை பத்து மணிக்கு. பந்தல், பேனர், எடை பார்க்கும் மெஷின், டாக்டரம்மா, எல்லாம் தயார். வந்தது தெருவில் இருக்கும் நாலைந்து தாத்தா பாட்டிகள். பதினொன்றரை மணிக்கு டாக்டரம்மா எங்களைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "இவங்க வேலை நேரம் என்னன்னு யாராவது கேட்டீங்களா?" யாரும் கேட்கவில்லை. வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே இறங்கி, பலகையால் உப்பை வாரி, கரைக்கு ஏற்றி முடிக்கிற கடைசி நேரம் அந்தப் பத்து மணி. அப்போது விட்டுவிட்டு வந்தால் அன்றைய கூலி போச்சு. அடுத்த முகாமைச் சாயங்காலம் நாலு மணிக்கு வைத்தோம். இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றார்கள், வரிசை தெருக்கோடி வரை. ரத்த சோகைக்கு மாத்திரை, கண் பரிசோதனை என்று அன்றைக்கு நடந்தது எல்லாமே உருப்படியான வேலை.

அந்த டாக்டரம்மாவைத்தான் 2024 ஜூலைக் கூட்டத்துக்குப் பேச அழைத்தோம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர். ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தோம். அவர் எடுத்தவுடனே, "உங்கள் வீட்டில் என்ன உப்பு?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "நம்ம ஊர் உப்புதான்!" என்றேன். அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

அவர் அன்று சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நம் கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது வேலை செய்ய அயோடின் வேண்டும். எவ்வளவு தெரியுமா? வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. ஆயுசு முழுவதுக்கும் சேர்த்தால் ஒரு டீஸ்பூன் கூட வராது. ஆனால் ஒரேயடியாகச் சாப்பிட்டுச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. தினம் தினம் கொஞ்சம் வேண்டும். குறைந்தால் கழுத்தில் முன்கழுத்துக் கழலை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் வேறு. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு முதல் மூன்று மாதம் சொந்தமாகத் தைராய்டு சுரக்காது. அம்மாவுடையதை வைத்துத்தான் அதன் மூளை வளர வேண்டும். அம்மாவுக்கே மிகவும் பற்றாக்குறை என்றால் கரு தங்காமல் போகலாம், குழந்தை காது கேளாமலோ புத்தி வளராமலோ பிறக்கலாம். லேசான பற்றாக்குறை என்றால் வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். "படிப்பு ஏறலை" என்று நாம் அதன் தலையில் குட்டுவோம்.

எனக்கு அப்போதே வயிற்றில் புளியைக் கரைத்தது. என் பெண் மசக்கைக்காக எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு மாதம் முடிந்திருந்தது.

எங்கள் பொக்கிஷதாரர் எழுந்து, "கடல் உப்பில் அயோடின் இயற்கையாவே இருக்குமே டாக்டர்?" என்று கேட்டார். எல்லோருக்கும் அந்த எண்ணம்தான். டாக்டரம்மா கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் இருப்பதே ஐம்பது அறுபது மைக்ரோகிராம். தண்ணீர் வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரிக்கு வந்து உப்பாக உறையும்போது, அந்தக் கொஞ்சமும் உப்போடு சேராமல் பெரும்பாலும் மிச்சக் கசப்புத் தண்ணீரோடு போய்விடுகிறது. அதனால் கடல் உப்பு என்றாலும், கல் உப்பு என்றாலும், அயோடின் சேர்க்காவிட்டால் இல்லைதான். கடல் மீனில் உண்டு. தினம் மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வழியில் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் அளத்தில் கூலி வேலை செய்கிறவள் வீட்டில் தினம் மீனா வேகிறது?

இதெல்லாம் சும்மா சொல்கிற விஷயம் இல்லை, நம் நாட்டிலேயே நிரூபித்தது. 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி இமாசலத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார். இரண்டு பகுதிக்கு அயோடின் உப்பு, நடுப் பகுதிக்குச் சாதா உப்பு. சில வருஷங்களில் அயோடின் உப்புச் சாப்பிட்ட இடங்களில் கழலை மளமளவென்று குறைந்தது, நடுப் பகுதியில் குறையவில்லை. அதற்கப்புறம்தான் 1962-ல் தேசிய அளவில் திட்டம் வந்தது. அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது, 2000-ல் தளர்ந்தது, 2006-ல் திரும்பவும் வந்தது.

கடைசியாக டாக்டரம்மா ஒரு புள்ளிவிவரத்தைச் சொன்னார் பாருங்கள், மாடியில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. 2018-19-ல் நாடு முழுக்க வீட்டு உப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். போதிய அயோடின் உள்ள உப்பு நூற்றுக்கு 76.3 வீடுகளில் இருந்தது. தமிழ்நாட்டில் 61.9. எல்லா மாநிலங்களிலும் நாம்தான் கடைசி! நாட்டுக்கே உப்பு விளைவித்துக் கொடுக்கிற மாநிலம் நாம். நம் வீட்டு ஜாடியில் ஓட்டை.

நன்றியுரை சொல்ல வேண்டியவர் நான். என்ன சொன்னேன் என்று ஞாபகமே இல்லை.

அன்று இரவே காரியதரிசி போன் செய்தார். சேவைச் சங்கங்கள் இதில் ஏதாவது செய்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தாராம். செய்திருக்கிறது! டெட்ராய்ட்டில் பிறந்தது என்று மேலே சொன்னேனே, கிவானிஸ், அவர்கள் 1994-லிருந்து யுனிசெஃபோடு சேர்ந்து உலகமெங்கும் உப்பில் அயோடின் சேர்ப்பதற்காகவே உண்டியல் குலுக்கினார்கள். பத்துக் கோடி டாலருக்கு மேல் திரட்டியதாக அவர்கள் கணக்கு. ஜேம்ஸ் பாண்ட் வேஷம் போட்ட ரோஜர் மூர்தான் அந்த இயக்கத்தின் கௌரவத் தலைவர்! இன்னொரு ஆச்சரியம், டெட்ராய்ட் இருக்கிற மிச்சிகன் மாகாணத்தில்தான் அமெரிக்காவிலேயே முதன்முதலாக 1924-ல் அயோடின் உப்பு கடைக்கு வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கும் கழுத்தில் கழலை அவ்வளவு சகஜமாக இருந்ததாம். "அவங்க உலகம் பூரா பண்ணாங்க. நாம நம்ம ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்திலாவது பண்ணலாமே" என்றார் காரியதரிசி.

ஆகஸ்டில் ஒரு நாள் நடந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளை வீட்டு உப்பில் ஒரு சிட்டிகை பொட்டலம் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தோம். சுகாதார நிலையத்திலிருந்து சோதனைக் குப்பி வாங்கி வந்தோம். உப்பின் மேல் ஒரு சொட்டு விட வேண்டும். அயோடின் இருந்தால் நீலம் பாயும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக அது சொல்லாது, அதற்கு லேபரட்டரி வேண்டும். உண்டா இல்லையா என்று பார்க்க இது போதும்.

பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். நீலம் வந்தால் கைதட்டல். அங்கேதான் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோர் எதிரிலும் சொட்டு விட்டோம். வெள்ளை வந்த பிள்ளைகளைப் பார்த்து மற்றவை "ஹோ" என்று கத்தின. ஒரு பையன் பொட்டலத்தைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, "கொண்டு வரலை டீச்சர்" என்றான். அவன் அம்மா அளத்தில் வேலை செய்கிறவள் என்று எனக்குத் தெரியும். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கை தட்டியதை நிறுத்தச் சொன்னேன். பிறகு என் கைப்பையிலிருந்து என் வீட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பெஞ்சு மேல் வைத்தேன். "இது என் வீட்டு உப்பு" என்றேன். சொட்டு விட்டார்கள்.

வெள்ளை.

எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் கை நடுங்கிவிட்டது. பிள்ளைகள் சத்தம் போடவில்லை. அந்தப் பையன் மெதுவாகத் தன் பொட்டலத்தை எடுத்து என் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

அன்று சாயங்காலமே கடையிலிருந்து அயோடின் உப்பு வந்தது. பெண்ணை டாக்டரிடம் அழைத்துப் போய் ரத்தம் பார்த்தோம். தைராய்டு சரியாகவே இருந்தது. வாரத்தில் மூன்று நாள் மீன் சாப்பிடுகிறவள் என்பதால் ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்றார் டாக்டர். "ஆனா இனிமே உப்பை மாத்திடுங்க."

மாமியாரிடம் சொல்வதுதான் பெரிய கண்டமாக இருந்தது. எண்பத்திரண்டு வயது. "நாங்க எல்லாம் பெத்து வளர்க்கலையா?" என்ற கேள்வி வரும் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு நடுவுல ரெண்டு தங்கலை, தெரியுமோ உனக்கு?" என்றார். முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். அது உப்பால்தான் என்று யார் சொல்ல முடியும்? நூறு காரணம் இருக்கும். நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

உப்புக்கார அக்கா விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அடுத்த தடவை கூடையோடு வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

"நாங்க வார்ற உப்ப வித்துட்டு, நாங்களே காசு குடுத்துப் பாக்கெட்டு வாங்கணும்னு சொல்றியாம்மா? ஊரு சிரிக்காதா?"

"உன் மருமகளும் மாசமா இருக்காளே அக்கா."

"அது சரி. எங்க உப்புல கொறைன்னு நீயே வாயால சொல்லிட்டா, நாளைக்கு யாரு வாங்குவா? நீ ஒரு வூடு. உன்னைப் பார்த்து இந்தத் தெரு பூரா நிறுத்திடும்."

எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னதில் என்ன தப்பு? அக்டோபரில் மழை தொடங்கினால் தை வரை அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்குக் கடன்தான் கதி. வேலைக் காலத்தில் கூடையில் விற்கும் இந்த நாலு காசுதான் அவள் கையில் தங்குவது.

செப்டம்பர் கூட்டம் எங்கள் சங்கத்தின் சரித்திரத்திலேயே நீளமானது. டிபன் ஆறிப் போயிற்று. ஒருவர், உப்பளக் குடும்பங்களுக்கு இலவசமாக அயோடின் உப்புப் பாக்கெட் கொடுப்போம் என்றார். பொக்கிஷதாரர், "மூணு மாசம் கொடுப்போம். நாலாவது மாசம்?" என்று ஒரே போடாகப் போட்டார். இன்னொருவர், அள முதலாளிகளிடம் போய், உள்ளூரில் விற்கும் உப்பிலாவது அயோடின் சேர்க்கச் சொல்வோம் என்றார். நல்ல யோசனை. பொட்டாசியம் அயோடேட்டைத் தண்ணீரில் கரைத்து உப்பின் மேல் தெளிப்பதுதான் முறை. ஒரு கிலோவுக்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால் அளந்து தெளிக்க மெஷினும், சோதித்துப் பார்க்க ஆளும் வேண்டும். நாலு முதலாளிகளுக்குக் கடிதம் எழுதினோம். "பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் செய்தது சின்னக் காரியம்தான். அங்கன்வாடியில் சாயங்காலம் நாலு மணிக்கு, கிராம சுகாதார நர்ஸை வைத்துக்கொண்டு, கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் மட்டும் சோதனை. ஒவ்வொருவராக, திரை மறைவில், கைதட்டல் இல்லாமல். ரேஷன் கடையில் கிடைக்கும் அயோடின் உப்பை வாங்கச் சொன்னோம். தமிழ்நாடு உப்பு நிறுவனம் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் எடுக்கும் உப்பு அது, விலையும் கட்டுப்படி. "உங்க உப்பு மோசம்" என்ற வார்த்தை யார் வாயிலும் வரக் கூடாது என்று எங்களுக்குள் தீர்மானம், மினிட்ஸிலேயே எழுதினோம். உப்பு மோசமில்லை. அதில் ஒன்று சேர்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதானே? கருவாட்டுக்கும் ஐஸ் பெட்டிக்கும் தோல் பதனிடவும் அளத்து உப்புதான் வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியின் குழம்புக்கு மட்டும் மற்றது.

வாசக சகோதரிகள் தங்கள் வீட்டு ஜாடியைப் பார்க்க எழுந்திருப்பதற்கு முன் சில விஷயம். பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று எழுதியிருக்கிறதா, சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா, பாக் செய்த தேதி பழையதா என்று பாருங்கள். கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. அதைக் கழுவிக் காயவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அயோடின் தண்ணீரோடு போய்விடும். அடுப்புப் பக்கத்துச் சூட்டிலும் ஈரத்திலும் திறந்து வைக்காமல் மூடி போட்ட ஜாடியில் வையுங்கள். குழம்பு கொதித்து இறக்கும் தறுவாயில் உப்புப் போட்டால் நல்லது. அயோடின் இருக்கிறதே என்று கூடுதலாகப் போட வேண்டாம்! ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அப்பளம், ஊறுகாய் எல்லாம் சேர்த்துத்தான். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. எங்கள் அளங்கள் எது பாத்தி, எது வரப்பு என்று தெரியாமல் முழுகின. அம்பாரமாக இருந்த உப்பு கரைந்து போயிற்று. டிசம்பர் கூட்டத்து மினிட்ஸ் அரைப் பக்கம்தான் இருக்கிறது: "கூட்டம் நடைபெறவில்லை. மண்டபத்தில் சமையல்." மாடியில் நாங்கள் கூடும் இடத்தில் குழந்தைகள் படுத்திருந்தன, கீழே சாம்பார் சாதம் கிண்டினோம். அங்கே இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் காலராக்காரர்களைக் காப்பாற்றியது இந்த மாதிரி உப்பு-சர்க்கரைக் கரைசலை வைத்துத்தான். அங்கன்வாடியிலிருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வந்து சேரும் வரை நாங்கள் அதைத்தான் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். அன்றைக்குச் சிட்டிகை சிட்டிகையாக அளந்து போட்டது உப்புக்கார அக்காதான். "இதுக்கும் அந்தப் பாக்கெட்டு உப்புதான் வேணுமா?" என்று கேட்டாள். இதற்கு எந்த உப்பும் சரி என்றேன். அவளுக்குக் கொஞ்சம் திருப்தி.

பிப்ரவரியில் என் பெண்ணுக்குப் பிரசவம். பெண் குழந்தை, மூன்று கிலோ. அக்காவின் மருமகளுக்கு அதற்குப் பதினைந்து நாள் முன்னால் பையன். ரேஷன் உப்பு வாங்குகிறாளா என்று நான் கேட்கவில்லை. மருமகளே நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள், "மாமியார்தான் வரிசையில நின்னு வாங்கியாந்தாங்க" என்று.

மார்ச்சில் பாத்திகள் திரும்பவும் வெளுக்க ஆரம்பித்தன. ஒரு நாள் சாயங்காலம், விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கும்போது, அக்கா வந்தாள். கூடை இல்லை. முந்தானையில் முடிந்து ஒரு பிடி புது உப்பு.

"நான்தான் இப்ப குழம்புக்கு..." என்று இழுத்தேன்.

"குழம்புக்கு யாரு சொன்னா? கொயந்தைக்குச் சுத்திப் போட. ஊரு கண்ணு பட்டிருக்கு. இதுக்கு அயோடின் தேவலை இல்ல?"

மாமியார் உள்ளேயிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. பேத்தியை வாசலுக்குத் தூக்கி வந்தேன். அக்கா கிழக்குப் பார்த்து உட்காரச் சொன்னாள்.